நான்கு டிகிரியில் ஒரு கையெழுத்து

அத்தியாயம் ஏழு

"பேய்க்குக் குளிராதா, டாக்டர்?" என்று கேட்டான் துப்பறிவாளரின் உதவியாளன் ரேடியோ.

கேட்டுவிட்டுத் தானே முதலில் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. நான்கு டிகிரிக் குளிர் அறையின் கனத்த கதவு முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டதும் அவன் சிரிப்பும் பாதியில் நின்றுபோனது. மூச்சு விட்டால் வெள்ளையாக ஆவி வந்தது. கூரையோரம் ஒரு மின்விசிறி விடாமல் முனகிக்கொண்டிருந்தது. கதவை ஒட்டிய கொக்கியில் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒன்று தொங்கியது. அதன் கைகள் இரண்டும் முழங்கை வரை மடித்து விடப்பட்டிருந்தன, இப்போதுதான் யாரோ கழற்றி மாட்டிவிட்டு வெளியே போனதைப் போல. ரேடியோ அதிலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டான்.

"அது பெரிய டாக்டரோடது," என்றார் சின்ன டாக்டர். "எடுத்துப் போட எனக்கு மனசு வரலை. மத்தவங்களுக்குத் தைரியம் வரலை."

பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடியில் இருந்த அந்த ஆய்வகத்தில் பெரிய டாக்டர், சின்ன டாக்டர் என்று இரண்டு மூத்த விஞ்ஞானிகள். இருபத்திரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜை. வாடி போடி என்று கூப்பிட்டுக்கொள்ளும் சிநேகம். பெரிய டாக்டர் இறந்து இன்றோடு எண்பத்தொரு நாள். சின்ன டாக்டருக்கு வயது ஐம்பத்து மூன்று. இந்த எண்பத்தொரு நாளில் இன்னும் ஒரு பத்து வயது கூடியிருக்கும் என்று ரேடியோவுக்குத் தோன்றியது.

"இதோ பாருங்க. என் ஷெல்ஃப். காலையில எட்டரைக்குத் திறந்தேன், இருந்தது. பன்னிரண்டாவது திங்கட்கிழமை."

நீலத் தாங்கி ஒன்றில், சுண்டுவிரல் உயரத்தில் ஆறு பிளாஸ்டிக் டியூப்கள். தண்ணீர் போலத் தெளிந்த ஏதோ ஒன்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம். ஒவ்வொன்றின் வயிற்றிலும் கறுப்பு மார்க்கரில் ஓர் எண், அதன் கீழே இன்றைய தேதி, மூலையில் பெரிய டாக்டரின் வளைந்த சுருக்கொப்பம்.

துப்பறிவாளர் குனிந்தார். அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் சொல்வார்கள். ஆபீஸில் தீப்பிடித்தால்கூடச் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்பது ரேடியோவின் கணிப்பு. முப்பது வருடம் அரசாங்க ஆவணப் பரிசோதனைக் கூடத்தில் கையெழுத்து பார்த்தவர். உயில், காசோலை, மொட்டைக் கடிதம் என்று எத்தனையோ பேருடைய வண்டவாளம் அவர் கண்ணாடி வழியாகப் போயிருக்கிறது. ரேடியோவுக்கு அந்தப் பட்டம் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

நிதானம் ஆறு டியூப்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அவங்க எழுதினதுதான்."

"போலியா இருக்கலாமில்ல, சார்?"

"போலிக்காரன் எழுத மாட்டான், வரைவான். இது யோசிக்காம ஓடின கை. அவங்க பழைய நோட்டுல நாற்பது பக்கம் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன். சந்தேகமே வேண்டாம்."

"அப்ப இன்னிக்குத் தேதியை அவங்க எப்படி..."

"தெரியலை," என்றார் நிதானம்.

கூடவே இருந்த பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை ரேடியோ கேட்டதில்லை. அவனுக்கு முதுகுத்தண்டில் சில்லென்று ஏதோ ஓடியது. குளிர் அறைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டான். மனம் அதை ஏற்கவில்லை.

"டாக்டர், வெளியே போய்ப் பேசலாமா? உள்ளே அந்தம்மாவும் நம்மளோட நிக்கிற மாதிரியே இருக்கு."

வெளியே, தன் அறையில், சின்ன டாக்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். மேஜை மீது ஒரு கடிதம் தட்டச்சு செய்யப்பட்டுத் தயாராக இருந்தது. அதன் கீழே கையெழுத்துக்கான கோடு காலியாக இருந்தது.

"செல்லைச் சுத்தி எண்ணெய்ப் படலம் மாதிரி ஒரு சவ்வு இருக்கும். அதுல புதைஞ்சு கிடக்கிற புரதம்தான் எங்க தொழில். நாங்க பார்க்கிறது இதயத் துடிப்புக்கு வாசல் திறந்து மூடற புரதம். அதைச் சவ்வை விட்டு வெளியே எடுத்தா தண்ணியே அதுக்கு விஷம். ஒரு விதமான சோப்பைப் போர்த்தி விட்டாத்தான் பிழைக்கும். எந்தச் சோப்பு, எவ்வளவு... அதைத் தேடறதுலயே எங்க ஆயுசு போச்சு."

"சோப்பு வியாபாரம்னு சொல்லுங்க," என்றான் ரேடியோ.

"கிட்டத்தட்ட. அவங்க ஒரு சோப்பைக் கண்டுபிடிச்சாங்க. அதுல இந்தப் புரதம் ஏழு நாள் உயிரோட இருக்குன்னு கட்டுரை வந்தது. என் பேரும் அதுல இருக்கு. அப்புறம் நானே செஞ்சு பார்த்தேன். அதே நோட்டு, அதே அளவு. ராத்திரி தாண்டலை, கட்டிகட்டியாப் போச்சு. ஒன்பது தடவை செஞ்சேன். ஒன்பது தடவையும் செத்துப் போச்சு."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றார் நிதானம்.

சின்ன டாக்டர் கடிதத்தின் ஓரத்தை நேராக்கினார். "சண்டைதான் வந்தது. 'நீ செய்யறதுல கோளாறு'ன்னா. 'நீ பொய் எழுதியிருக்கே'ன்னு சொல்லிட்டேன். பல்கலைக்கழகத்துல புகாரும் குடுத்தேன். மூணு வாரத்துல அவங்க போயிட்டாங்க. ஏதோ நரம்பு வியாதியாம். எனக்குச் சொல்லவே இல்லை. புகாரை நூறு நாளைக்குள்ள முடிக்கணும்கிறது விதி. இன்னிக்கு நூறாவது நாள். பன்னிரண்டு மணிக்கு விசாரணைக் குழு உட்காருது. நான் கையெழுத்துப் போட்டா கட்டுரையை வாபஸ் வாங்கிடுவாங்க. அவங்க பொய்க்காரின்னு ஆயிடும். செத்தவங்களால பதில் சொல்ல முடியாது."

"அந்த டியூப்கள்?"

"அதான் என்னைக் கொல்லுது." அவர் குரல் உடைந்தது. "ஒவ்வொரு திங்கக்கிழமையும் மெஷின்ல போட்டுப் பார்க்கிறேன். உயிரோட இருந்தா மெஷின் ஒத்தைக் குன்று மாதிரி கோடு போடும். ஒவ்வொரு வாரமும் ஒத்தைக் குன்று, ஏழாம் நாள்கூட. நான் செஞ்சா சாகுது. செத்தவங்க செஞ்சா உயிரோட இருக்கு."



"இதையே குழுவுக்குக் காட்டலாமே," என்றார் நிதானம்.

"யார் செஞ்சதுன்னு தெரியாததைச் சாட்சின்னு எப்படி வைக்கிறது? உள்ளே என்ன ஊத்தியிருக்காங்களோ? எனக்கு உண்மை வேணும், சார். பன்னிரண்டு மணிக்குள்ள வேணும்."

சுவர்க் கடிகாரம் ஒன்பது நாற்பது காட்டியது.

இதற்குள், கையோடு கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்த ஆறு டியூப்களும் வேர்த்திருந்தன. நிதானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மார்க்கரை எடுத்து ரேடியோவிடம் நீட்டினார்.

"இதுல ஒண்ணுல உன் பேரை எழுது."

"என் பேரையா? பேய் டியூப்லயா? நான் என்ன சார் பாவம் பண்ணினேன்?"

"எழுதுய்யா."

ரேடியோ எழுதினான். மார்க்கர் ஈரத்தில் வழுக்கியது. ஒரு கோடு கூட நிற்கவில்லை, மை கரைந்து கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

"அதுல எழுத முடியாது," என்றார் சின்ன டாக்டர். "குளிர் அறைக்குள்ள மை திக்கும். வெளியே கொண்டுவந்தா டியூப் வேர்க்கும். அதனால காலியா, காய்ஞ்சிருக்கும்போதே எழுதி வெச்சுடுவோம். எங்க தொழில்ல எல்லாரும் அப்படித்தான்."

"எவ்வளவு முன்னாடி?"

"முதல் நாள் சாயங்காலம். வேலைக்கு ஒரு நாள் முன்னாடி."

"பழைய டியூப்களை எல்லாம் வெச்சிருக்கீங்களா?"

தூக்கிப் போட மனம் வராதவர் அவர் என்று ரேடியோவுக்குக் கம்பளிச் சட்டையைப் பார்த்தபோதே தெரிந்திருந்தது. இழுப்பறையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. பதினொரு வாரம், அறுபத்தாறு டியூப்கள், கழுவிக் காய வைத்தவை. நிதானம் அவற்றை மேஜையில் தேதிவாரியாக வரிசை கட்டினார். வலது கோடியில் இன்றைய ஆறு. மொத்தம் எழுபத்திரண்டு. வேலை முடிய இருபது நிமிடம் ஆனது. ரேடியோ மட்டும் அடுக்கியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பான், இரண்டு டியூப் உருண்டும் போயிருக்கும்.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரே கை, ஒரே சுருக்கொப்பம். முதல் வாரத்து எண்கள் கம்பீரமாக நின்றன. நாலாவது வாரத்தில் லேசாகச் சாய்ந்தன. எட்டாவது வாரத்தில் கோடுகளில் நடுக்கம். கடைசி வரிசையில் ஒவ்வொரு எழுத்தும் தடுமாறித் தடுமாறி வந்து சேர்ந்திருந்தது.

ரேடியோவுக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் அவன் வாய் சும்மா இருக்காது.

"பாவம் சார், பேய்க்கு உடம்பு சரியில்லை போல. வாரா வாரம் மோசமாயிட்டே வருது."

சின்ன டாக்டர் முகத்தை மூடிக்கொண்டார். ரேடியோவுக்குத் தன் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. ஆனால் நிதானம் மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தார். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் பார்வை அது.

"அதேதான். செத்தவங்களுக்கு எப்படிய்யா வாரா வாரம் உடம்பு மோசமாகும்?"

"ஆகாது, சார்."

"எழுபத்திரண்டையும் ஒரே மூச்சுல உட்கார்ந்து எழுதினா?"

ரேடியோ வரிசையை மறுபடி பார்த்தான். இப்போது அது வேறாகத் தெரிந்தது. அங்கே பன்னிரண்டு வாரம் இல்லை. ஒரே ஒரு பிற்பகல்தான் இருந்தது. உடம்பு முடியாத ஒருவர், ஒவ்வொரு டியூபாக எடுத்து, எண்ணும் தேதியும் ஒப்பமும் எழுதி, கை ஓய ஓய, கடைசி ஆறு வரைக்கும் விடாமல் எழுதியிருக்கிறார்.

"முன்னாடியே எழுதி வெக்கிறது உங்க பழக்கம்," என்றார் நிதானம். "ஒரு நாள் முன்னாடி எழுதறவங்க மூணு மாசம் முன்னாடி எழுதக் கூடாதுன்னு சட்டமில்லை. அவங்க எழுதினது உயிரோட இருக்கும்போது."

சின்ன டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்கிட்ட சண்டை போட்டுட்டுப் போய், இதை உட்கார்ந்து எழுதியிருக்கா," என்றார். சண்டையைச் சொன்ன ஒரு நொடியைத் தவிர அதுவரை 'அவங்க' என்றே சொன்னவர், இப்போது பழையபடி 'அவ' என்று சொல்லத் தொடங்கினார்.

"எழுதினவங்க கிடைச்சாச்சு," என்றார் நிதானம். "இனி ஊத்தினவங்க கிடைக்கணும்."

பெரிய டாக்டரின் மேஜையை யாரும் கலைக்கவில்லை. தூசி துடைத்திருந்தது, அவ்வளவுதான். நிதானம் அங்கே நின்று நாற்காலியின் உயரத்தைப் பார்த்தார், அலாரக் கடிகாரத்தைப் பார்த்தார், குடுவைகளைப் பார்த்தார். கடைசியில் கையுறைப் பெட்டிகளிடம் வந்தார். இரண்டு பெட்டிகள் இருந்தன.

"உங்க கை அளவு என்ன, டாக்டர்?"

"சின்னது. அவளுக்கும் அதே. ஒரே பெட்டியிலதான் எடுப்போம்."

"ரேடியோ, அந்த ரெண்டாவது பெட்டி."

ரேடியோ ஒரு கையுறையை உருவி மாட்டினான். அவன் தடித்த விரல்களுக்குத் தைத்து வைத்தது போல் இருந்தது. "பெரிய அளவு, சார். முக்கால் பெட்டி காலி."

"உங்க சிநேகிதிக்கு நரம்பு வியாதி. கை நடுங்கற ஒருத்தரால அளவு பார்த்துத் துளித்துளியா ஊத்த முடியுமா?"

"முடியாது." சின்ன டாக்டர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் வெளுத்தது. "ஒரு வருஷமா அவ ஊத்தறதை நான் பார்க்கவே இல்லை. நான் வரும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும். 'நான் விடியக்காலையிலயே வந்துட்டேன்'னு சொல்லுவா. நான்... கேட்டுக்கலை."

"அப்ப போன வருஷமே அவங்க மூளையா இருந்திருக்காங்க, வேற ஒருத்தர் கையா இருந்திருக்காங்க. பெரிய கை. உங்களுக்கு முன்னாடி வர்றவர். எல்லாக் கதவுக்கும் சாவி உள்ளவர். ஊத்தறதும் கழுவறதும் பழகின கை."

நிதானம் பேச்சை நிறுத்தினார். தாழ்வாரத்தின் கோடியில் கண்ணாடியும் கண்ணாடியும் லேசாக மோதும் சத்தம் கேட்டது. காலையிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மூன்று பேரில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கழுவும் அறையில் வெந்நீர் ஆவி மண்டியிருந்தது. நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி பெரிய தொட்டி முன்னால் நின்று பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். ஆய்வகத்தின் குடுவைகளும் பாட்டில்களும் பதினாறு வருடமாக அவள் பொறுப்பு. மாடியில் எல்லோருக்கும் அவள் கண்ணாடி அக்கா. முழங்கை வரை ரப்பர் உறை போட்டிருந்தாள். ஆட்கள் வருவதைப் பார்த்து அதைக் கழற்றினாள். உள்ளே இன்னொரு மெல்லிய உறை இருந்தது, பெரிய டாக்டர் மேஜையில் இருந்த அதே வகை. வெந்நீரில் ஊறி ஊறிப் பருத்துப் போன விரல்கள்.

நிதானம் நீலத் தாங்கியை அவள் முன்னால் வைத்தார்.

"இதுல ஊத்தினது யாரு, அம்மா?"

அவள் தாங்கியைப் பார்த்தாள், சின்ன டாக்டரைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான்," என்றாள். ஒளிக்கவும் இல்லை, பதறவும் இல்லை. "புரதம் இருக்கிற சவ்வைப் பன்னிரண்டு பொட்டலமா ஃப்ரீசர்ல வெச்சிருந்தாங்க. வாரத்துக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை வந்து செஞ்சு, திங்கக்கிழமை காலையில உங்க ஷெல்ஃப்ல வெக்கச் சொன்னாங்க. இன்னிக்கோட முடிஞ்சுது."

"உங்களுக்கு இதெல்லாம்..." என்று இழுத்தார் சின்ன டாக்டர். "இது செய்ய எனக்கே..."

"ஒரு வருஷம் பக்கத்துல உட்கார்ந்து அவங்க சொல்லுவாங்க, நான் செய்வேன், டாக்டர். கை நடுக்கம் யாருக்கும் தெரியக் கூடாதுன்னாங்க. தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். கட்டுரையில இருக்கிறது அத்தனையும் இந்தக் கையால செஞ்சதுதான்."

ரேடியோ தன் ஆசானைப் பார்த்தான். வேலை முடிந்தது என்று நினைத்தான். ஆனால் நிதானம் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தும் ஆவியில் பழுத்துப் போயிருந்தது.

"'எல்லாப் பாட்டிலும் சோப்பு போட்டு இரண்டு முறை கழுவ வேண்டும். இஷ்டத்துக்குக் கழுவக் கூடாது,'" என்று உரக்கப் படித்தார். "இந்தக் கையெழுத்தையும் எனக்குத் தெரியும். நீங்க கையால எழுதின புகாரோட நகல்ல பார்த்தேன். எப்ப எழுதினீங்க, டாக்டர்?"

"போன வருஷம். ஒரு பாட்டில்ல பூஞ்சை படிஞ்சிருந்தது. கோபத்துல..."

"எல்லாரும் இருக்கும்போது சொன்னீங்க, டாக்டர்," என்றாள் கண்ணாடி அக்கா. குறையாகச் சொல்லவில்லை, தேதி சொல்வது போலச் சொன்னாள். "அன்னியிலேர்ந்து உங்க பாட்டிலுக்கெல்லாம் ரெண்டு தடவை சோப்பு. பெரிய டாக்டர் பாட்டிலுக்கு அவங்க சோப்பே தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. வெந்நீர்ல பத்து தடவை, அப்புறம் சுத்தமான தண்ணி. தனி ஷெல்ஃப்."

அறையில் இரண்டு டாக்டர்களுக்கும் தனித்தனியாக இரண்டு காய வைக்கும் தட்டிகள் இருந்தன. நிதானம் தலையசைத்தார். ரேடியோ இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பாட்டிலை எடுத்துச் சுத்தமான தண்ணீர் ஊற்றி, மூடி, இரண்டு கையிலும் பிடித்துக் குலுக்கினான். குலுக்கும்போது ஏதோ ஒரு வேடிக்கை சொல்ல வாயெடுத்தான். பாட்டில்களைப் பார்த்ததும் மறந்துவிட்டது.

இடது கைப் பாட்டிலில் தண்ணீர் அலம்பி அடங்கியது. வலது கைப் பாட்டிலில், கழுத்தைச் சுற்றி, மெல்லிசாக ஒரு நுரை வளையம் நின்றது. கலையவில்லை.

சின்ன டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரேதான் பேசினார், வகுப்பில் பாடம் சொல்வது போல, உயிரில்லாத குரலில்.

"பாத்திரச் சோப்பு. என் மத்த புரதமெல்லாம் முரடு, எதையும் தாங்கும். இது தொட்டாச்சிணுங்கி. இந்தச் சோப்பு ஒரு துளி பட்டாலே போதும்... ஒன்பது தடவை. ஒன்பது தடவையும் என் பாட்டில்லதான் கலக்கினேன்."

"உங்க புரதத்தைக் கொன்ன ஆள் கிடைச்சாச்சு, டாக்டர்," என்றார் நிதானம் மெதுவாக. "பொய்யும் இல்லை, பேயும் இல்லை. சுவத்துல ஒட்டின காகிதம்."

இருபத்திரண்டு வருடம் சோப்பையே படித்தவர், கழுவும் தொட்டியில் இருந்த சோப்பை நினைத்துப் பார்க்கவில்லை. ரேடியோவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?" என்றார் சின்ன டாக்டர்.

"கடைசியில தெரிஞ்சுது. வீட்டுல படுத்திருந்தாங்க, பார்க்கப் போனேன். 'அவ பாட்டிலை எப்படிக் கழுவறே'ன்னு திடீர்னு கேட்டாங்க. சொன்னேன். சிரிச்சாங்க டாக்டர், இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. உடனே உங்களுக்குப் போன் போட்டாங்க. மூணு தடவை."

 சின்ன டாக்டரின் முகத்திலேயே எல்லாம் இருந்தது. மேஜையில் போன் அடித்ததும், திரையில் தெரிந்த பெயரும், அதை அவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததும். ரேடியோவுக்கும் அப்படி ஓர் எண் உண்டு. அண்ணன் போய் ஆறு வருடம் ஆகிறது, கடைசியாக அடித்தபோது அவன் எடுக்கவில்லை. இன்னும் அதை அழிக்க அவனுக்குக் கை வரவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"'நீங்க சொல்லாட்டி என்ன, நான் போய்ச் சொல்றேனே'ன்னேன்," என்று தொடர்ந்தாள் கண்ணாடி அக்கா. "வேண்டாம்னுட்டாங்க. 'நீ சொன்னா உன்னைத்தான் திட்டுவா. நான் சொன்னா நம்ப மாட்டா. கண்ணால பார்த்தாத்தான் அவளுக்கு நம்பிக்கை வரும். டியூப்பும் பேனாவும் கொண்டா'ன்னாங்க. மத்தியானம் பூரா எழுதினாங்க. 'இருந்தேன்னா நானே வந்து அவ காதைத் திருகறேன். இல்லாட்டி நீ வெச்சுட்டே வா. ஒரு வாரம் இல்லாட்டி ஒரு வாரம், இதை யார் செஞ்சதுன்னு உன்கிட்ட வந்து கேப்பா. கேட்டா எல்லாத்தையும் சொல்லு. கேக்காத வரைக்கும் சொல்லாதே'ன்னாங்க. நாலாம் நாள் போயிட்டாங்க."

"கேக்காமலே போயிருந்தா?" என்று கேட்டது ரேடியோதான். "இன்னிக்குத்தானே கடைசி?"

"அதையும் கேட்டேன். 'அப்ப அவ கையெழுத்துப் போட்டுக்கட்டும், விட்டுடு'ன்னாங்க."

ஆவி படிந்த ஜன்னலுக்கு மேலே கடிகாரம் பதினொன்று முப்பத்தெட்டு காட்டியது.

சின்ன டாக்டர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "பன்னிரண்டு வாரம், அக்கா. நான் ராத்திரி தூங்கலை. பைத்தியம் பிடிச்சிடும்னு நினைச்சேன். தினம் உங்களைப் பார்க்கிறேன், தினம் பேசறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்ன பேசியிருக்கோம், டாக்டர்?" கண்ணாடி அக்கா உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "பாட்டில் காய்ஞ்சிடுச்சான்னு கேப்பீங்க. காய்ஞ்சிடுச்சுன்னு சொல்லுவேன்."

சின்ன டாக்டர் அப்போதுதான் அழுதார். எண்பத்தொரு நாளாக நின்றிருந்தது உடைந்துகொண்டு வந்தது. துப்பறிவாளர்கள் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணாடியில் படிந்திருந்த ஆவியையே பார்த்தார்கள். கண்ணாடி அக்கா குழாயை மூடிவிட்டுப் பக்கத்தில் போய் நின்றாள். தொடலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் துண்டை நீட்டினாள்.

அழுது முடித்ததும் சின்ன டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னோட கீழே வாங்க."

"நானா? அங்க பெரியவங்கல்லாம் உட்கார்ந்திருப்பாங்க. நான் என்னன்னு சொல்ல?"

"எப்படிச் செஞ்சீங்கன்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம."

"உங்க காகிதத்தைப் பத்தி வருமே, டாக்டர்."

"வரட்டும்."

குழு கூடும் அறை தரைத்தளத்தில் இருந்தது. ரேடியோவும் நிதானமும் வாசல் வரைதான் போனார்கள். உள்ளே நீண்ட மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், முன்னால் ஒரே ஒரு நாற்காலி. நடுவில் இருந்தவர் ஈரக் கையுறையோடு நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டு, "இது மூடின கூட்டம், டாக்டர். சம்பந்தமில்லாதவங்க வெளியே இருக்கணும்," என்றார்.

"அந்தக் கட்டுரையில புத்தி பெரிய டாக்டரோடது," என்றார் சின்ன டாக்டர். "கை இவங்களோடது. என்னோடது தப்பு மட்டும்தான். இப்ப சொல்லுங்க, யார் வெளியே இருக்கணும்?"

 சின்ன டாக்டர் அந்த ஒற்றை நாற்காலியைக் கண்ணாடி அக்காவின் பக்கம் நகர்த்திவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டார். ரேடியோ கதவை மெல்லச் சாத்தினான்.  சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து கண்ணாடி அக்காவின் குரல் கேட்டது, முதலில் தயங்கி, அப்புறம் தயங்காமல்.

"முதல்ல பாட்டிலைக் கழுவணும்."